நாத்தனார் போட்ட ஒரு வரி

நாத்தனாரைப் பற்றி ஒருத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னால், பின்னால் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படும் குடும்பத்தில் பிறந்தவள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் நாத்தனாருக்கும் சண்டை வந்ததுண்டு, இனியும் வரும். ஆனால் இங்கே சொல்லப்போவது அவளுக்கும் அவள் அண்ணனுக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், நடுவே வந்த சண்டையைப் பற்றி. அதில் நான் வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவள்.

அவள் வேலை பார்ப்பது கேம் கன்சோல் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில். டிவியோடு இணைத்து, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுவார்களே, அந்தப் பெட்டி. பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேருக்கு அவ்வப்போது அப்டேட் வரும். அது மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அதைப் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவள் பிரிவின் வேலை. பத்தாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. வரிசையாக டிவிகள். ஏசிக் குளிருக்காக வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவாள்.

என் வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். சாவி போடுகிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய அளவு இடம். போன் ரிப்பேர், கன்சோல் ரிப்பேர் என்று பலகையில் இருக்கும். பலகையில் இல்லாத வேலையும் ஒன்று உண்டு. நிறுவனம் அனுமதிக்காத விஷயங்களைச் செய்யும்படி பெட்டியை மாற்றிக் கொடுப்பது. அதற்கு 'மாட்' என்று பெயர். கல்யாணமான புதிதில், அவர் சாயங்காலத்தில் மாட் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று போனில் சொன்னேன். ஏன்டி, மாடு வாங்கியிருக்கிறாரா, எங்கே கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று என் அம்மா கேட்டாள்.

ஆக, தங்கை பூட்டுப் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அண்ணன் அதே பூட்டைத் திறக்கிறார். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கையால் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். தனியாக இருக்கிறவள், ஒருவேளையாவது ஒழுங்காகச் சாப்பிடட்டும் என்று நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். சாப்பிடும்போது வேலையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. அவர் அடுத்து என்ன வரப்போகிறது என்று கேட்டதில்லை, அவள் அவருடைய மேஜைமேல் என்ன கிடக்கிறது என்று பார்த்ததில்லை. அரசியல் பேசுவார்கள், வாடகை பற்றிப் பேசுவார்கள், என் சமையலில் உப்பைப் பற்றி இருவரும் சேர்ந்துகொண்டு பேசுவார்கள்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கல்யாணமாகிக் கொஞ்ச காலத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பழைய சாஃப்ட்வேரில் ஏதாவது ஓர் ஓட்டை இருக்கும். என் வீட்டுக்காரரைப் போன்றவர்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்த் தங்கள் காரியத்தைச் செய்வார்கள். நிறுவனம் அதைக் கண்டுபிடித்து, அடுத்த அப்டேட்டில் அடைத்துவிடும். ஆனால் பழைய சாஃப்ட்வேரையே மறுபடி போட்டுக்கொள்ள முடிந்தால் அடைத்து என்ன பயன்? அதற்காகப் பெட்டியின் சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஃபியூஸ்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் அதில் ஒன்று கருகும். பெட்டியை ஆன் செய்ததும், இதுவரை எத்தனை கருகியிருக்கிறது என்று அது எண்ணிப் பார்க்கும். கருகியதற்குத் தக்கபடி சாஃப்ட்வேர் புதிதாக இல்லையென்றால் பெட்டி கண்ணையே திறக்காது. கருகிய ஃபியூஸை யாராலும் மறுபடி ஒட்டவைக்க முடியாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். ஃப்ரேமுக்கு ஏற்றாற்போல் ஓரத்தைத் தீட்டிவிட்டால் அந்த லென்ஸ் மறுபடி பெரிதாகாது. அதனால் இதைப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

நாத்தனாருக்கு நிறுவனம் கொடுத்திருந்த வேலை இதில்தான். அப்டேட் போட்ட பெட்டியில் பழைய சாஃப்ட்வேரைப் புகுத்த, தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அவள் முயற்சி செய்யவேண்டும். பெட்டி அத்தனைக்கும் மறுக்கவேண்டும். "நாள் முழுக்க முட்டி மோதி தோத்துப்போனாதான் அண்ணி எனக்குச் சம்பளம்," என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். சோதித்த பெட்டியை இன்னொரு சோதனைக்குப் பயன்படுத்த முடியாது. அவள் அலமாரி நிறைய அப்படித் திரும்பி வரமுடியாமல் போன பெட்டிகள் இருந்தன.

இதை ஏதோ வில்லி வேலை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டிகள் வந்த புதிதில் திருட்டு அதிகமாக இருந்தது. தொலைத்தவர் புகார் கொடுத்தால் நிறுவனம் அந்தப் பெட்டியை முடக்கிவிடும். திருடியவன் பழைய சாஃப்ட்வேரைப் போட்டு, முடக்கியதை அழித்து விற்றுவிடுவான். திரும்பிப் போகும் வழியை மூடிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

என் வீட்டுக்காரரையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. அவரிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கேமை ஓசியில் விளையாடத்தான் வந்தார்கள். கதவைத் திறந்துவிடுவதோடு என் வேலை முடிந்தது, உள்ளே போய் அவர்கள் என்ன செய்தால் எனக்கென்ன என்பார். இது சால்ஜாப்பு என்று நான் சொன்னதுண்டு. ஆனால் மீதிப் பாதியில் டிரைவர் இருந்தார்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். மலைப்பாதையில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மனைவி இல்லை. மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வேலைக்குப் போனால் திரும்பும்வரை வீட்டில் அவரும் சுவரும்தான். மகள் ஒரு கன்சோல் வாங்கிக் கொடுத்தாள். மலைப்பாதையில் கனரக வண்டி ஓட்டும் கேம் ஒன்று அதில் இருந்தது. ஆனால் ஒரே கையால் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

அவர் அதைச் செய்துகொடுத்த விதத்தை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஒரு பழைய தையல் மெஷின் மோட்டாரின் கால்மிதியைக் கழற்றி, டிரைவரின் இடது காலுக்கு ஆக்ஸிலரேட்டர் ஆக்கினார். பெட்டியை மாற்றி, அந்த மிதியைக் கன்ட்ரோலர் என்று அது ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். அதோடு விடாமல், டிரைவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதால், கேமில் வரும் எழுத்தையெல்லாம் உட்கார்ந்து தமிழில் போட்டார். வார்த்தை கிடைக்காதபோது என்னைக் கேட்பார். ரிவர்ஸுக்கு நான் 'பின்செல்' என்று சொல்லிக்கொடுத்தேன். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குத் தம்பி புரியும்? ரிவர்ஸ்னே போடு," என்று திருப்பி அனுப்பினார். என் தமிழ்த் தொண்டு அதோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்மிதியின் ஒயர் அறுந்து ரிப்பேருக்கு வந்து, எங்கள் வீட்டு மேஜை ஓரத்தில் கிடந்தது. நாத்தனார் சாப்பிட வந்தவள் அதைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டுவிட்டாள். என் வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிரைவரைப் பற்றி, மலைப்பாதையைப் பற்றி, தமிழ் எழுத்தைப் பற்றி எல்லாம் சொன்னார். ஒரு வளைவில் எதிரே வண்டி வந்தபோது டிரைவர் தன்னையறியாமல் வலது கையைத் தூக்கி ஹார்ன் அடிக்கப் பார்த்தாராம், கை ஒரு விரற்கடை நகர்ந்ததாம். நாத்தனார் சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டியில் நெட் இணைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். ஆஃப் செய்து வைக்கத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார் அவர். நாத்தனார் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்து, தண்ணீர் வேண்டும் என்றாள். அவள் முன்னால் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. நான் எழுந்து போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

அடுத்த வாரத்தின் நடுவிலேயே அப்டேட் வந்துவிட்டது.

அன்று மதிய இடைவேளையில் என் வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். என் கடையும் அதே தெருவில்தான். வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பெட்டியோடு. ஓசிக் கேமுக்கு வந்த பையன்கள் ஒருபக்கம் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. உள்ளே டிரைவரின் மகள், பெட்டியைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். உறவுக்காரர் யாரோ வந்திருந்தபோது படம் பார்க்கவேண்டும் என்று அந்தப் பெட்டியில் வைஃபையை இணைத்திருக்கிறார்கள். பிறகு யாரும் அதை அணைக்கவில்லை. அப்டேட் தானாக இறங்கிவிட்டது. அன்று காலையில் டிரைவர் விளையாட உட்கார்ந்ததும், புதிய அப்டேட் தயார் என்று திரையை மறைத்துக்கொண்டு அறிவிப்பு வந்திருக்கிறது. 'சரி' என்பது பெரிய பட்டன். 'பிறகு' என்பது மூலையில் சின்னதாக. மகள் முதலில் பிறகு என்று அழுத்தியிருக்கிறாள். மறுபடி வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். சரி என்று அழுத்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா கூப்பிட்டார். கால்மிதி வேலை செய்யவில்லை. தமிழ் எழுத்தும் போய்விட்டது.

"பழசையே திரும்பப் போட்டுக் குடுத்துடுங்கண்ணா," என்றாள்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். தன்னிடம் கொண்டுவந்திருந்தால் ஃபியூஸ் கருகாதபடி புதிதை ஏற்றித் தந்திருப்பார், அதற்கு ஒரு வழி இருந்தது. பெட்டி தானாகக் கேட்டு 'சரி' என்று அழுத்தினால் கருகிவிடும். இப்போது பழசைப் போட்டால் பெட்டி ஆனே ஆகாது. இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ என்னாலதான்," என்றாள். உன்னால் இல்லை என்று அவர் எவ்வளவோ சொன்னார். அவள் துவாலையை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வழக்கம்போல வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். வந்தாள், அதுதான் அவள். சாப்பாடு போட்டு முடிப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இங்க உக்காந்து அந்த மனுஷனப் பத்தி நான் சொன்னத எல்லாம் கேட்டே. அப்பவும் தெரியும்."

"தெரியும் அண்ணா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா மறுநாள் எந்த முகத்த வச்சிக்கிட்டு நான் அங்க போவேன்? நீ ஒருத்தர காப்பாத்துவே. கடைக்கு வர மத்தவங்களுக்கும் சொல்வே. அதுல எவன் திருட்டுப் பெட்டி வச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

டிரைவர் என்ன திருடனா என்று இவர் கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை என்றாள் அவள். இருவர் குரலும் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். இப்படித் தாழ்ந்த குரலில் பேசுகிறவர்களுக்கு நடுவே எப்படிப் புகுவது?

கடைசியில் இவர் கேட்டார். "பூட்டு போடறீங்க, சரி. போட்டா திரும்பித் திறக்காதுன்னு அந்தப் பொண்ணுக்கு எங்கயாவது சொன்னீங்களா? சரின்னு அழுத்தற எடத்துல ஒரு வரி இருந்துதா?"

நாத்தனார் தட்டைத் தள்ளி வைத்தாள். விவரங்கள் என்று ஓர் இடத்தில் அழுத்தினால் நீளமாக ஒரு பத்திரம் விரியும், அதில் எங்கேயோ நடுவில் அது எழுதியிருக்கிறது என்று பிறகு எனக்குச் சொன்னாள். அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

அதன்பிறகு சில வாரங்கள் அவள் வரவில்லை. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான் அவள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். இவர் கேரியரைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அடுக்கில் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார்.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். டிரைவர் வீடு எங்கே என்று கேட்டாள், நீங்களும் கூட வாருங்கள் என்றாள். எதற்கு என்றேன். பார்க்கவேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் கீழ்வீடு. மகள் கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாத்தனார் உள்ளே காலெடுத்து வைக்கும் முன், தான் எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்பதைச் சொன்னாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. மகளின் சிரிப்பு போய்விட்டது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து டிரைவர், யாரும்மா, வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசுகிறாய் என்று குரல் கொடுத்த பிறகுதான் நகர்ந்தாள்.

டிவி எதிரே நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இடது காலுக்கு அருகில் அந்தக் கால்மிதி இன்னும் இருந்தது. வேலை செய்யாவிட்டாலும் யாரும் அதை எடுக்கவில்லை. நாத்தனார் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாதாரண கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னாள். அவர் இடது கையால் திருப்பினார், அதே கையின் விரலை நீட்டி மறுபக்கப் பட்டனைத் தொடப் பார்த்தார். வண்டி முதல் வளைவிலேயே பள்ளத்தில் போனது. இன்னொரு தடவை என்றாள். மறுபடி பள்ளம். நான் அவளைத் தடுத்திருப்பேன், ஆனால் டிரைவருக்கு அது அவமானமாகத் தெரியவில்லை. மெக்கானிக்கிடம் வண்டியை ஓட்டிக் காட்டுகிறவர்போல, இங்கேதான் பிடிக்கவில்லை, இங்கேதான் இழுக்கிறது என்று விளக்கிக்கொண்டே இருந்தார். அவள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பழைய வண்டிய திருப்பிக் குடுன்னு நான் கேக்கலம்மா. டிப்போல வண்டிய மாத்துவாங்க, நாமளும் ஏறி ஓட்டுவோம். ஆனா இது போற வண்டி, திரும்பி வராதுன்னு ஏறும்போதே சொல்லணும்ல. அதச் சொல்லாம எப்படி ஏத்தறீங்க? எம் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, தான் பண்ண தப்புன்னு நெனச்சிக்கிட்டு."

மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். நாத்தனார் கொஞ்ச நேரம் கால்மிதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் எழுந்தாள். ஒரு சாமான் வாங்கவேண்டும், நீங்கள் போங்கள் என்றாள். நானும் அவளோடு இறங்கினேன். வாங்கியது நிறுவனமே விற்கும் ஒரு புதுக் கன்ட்ரோலர். அதை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் கடைக்கு நடந்தாள்.

இவர் யாருக்கோ போன் திரையை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கை நின்றது. வந்தவர் போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு கன்ட்ரோலரை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"பெட்டிய நீ தொடாதே. எங்க பெட்டி இந்தக் கன்ட்ரோலர நம்பும். இதுக்குள்ள ரேஸ் குடுக்கற பட்டன்ல மிதியோட ஒயர ஒட்டினா, பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. எந்த அப்டேட் வந்தாலும் இது போகாது."

இவர் அதை எடுத்துத் திருப்பினார். இந்த வழி அவருக்குத் தெரியாததல்ல. சாஃப்ட்வேரில் சீக்கிரம் முடிகிற வேலைக்கு எதற்கு ஒரு நல்ல கன்ட்ரோலரை அறுக்கவேண்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"தமிழ் எழுத்து?" என்று கேட்டார்.

"அது வராதுண்ணா. அதுக்குப் பெட்டிய ஒடைக்கணும். அத நான் சொல்லித்தர மாட்டேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவர் கழற்றக் கழற்ற, அவள் ஸ்க்ரூக்களை வாங்கி, எது எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒரு மூடியில் வைத்தாள். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றியதும் இப்படித்தானாம், அவர் கழற்றுவார், மாட்டும்போது அவள் இல்லாமல் முடியாதாம். நான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைத்தேன்.

டிரைவர் மறுபடி ஓட்டினார். ஆங்கில எழுத்து வரும்போது மகளைக் கேட்பார். மகள் இல்லாதபோது படத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். முன்பு போல முழுசாக இல்லை. அதை அவரும் சொன்னார், நாங்களும் மறுக்கவில்லை.

நாத்தனார் அலுவலகத்தில் செய்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். சோதனைப் பிரிவில் ஒரு குறையைக் கண்டால் அதைப் பதிவு செய்யவேண்டும். சரிசெய்யவேண்டியவர்கள் சரிசெய்து மூடுவார்கள். அப்டேட் திரையில் ஒரு குறை என்று பதிவு செய்தாள். திரும்பிப் போக முடியாது என்பது பயனருக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான் குறை. இது குறையே அல்ல என்று மூடினார்கள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினார்கள். விவரங்களில் எழுதியிருக்கிறதே என்றார்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒருத்தி அதைப் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று சோதித்துப் பார்த்து, அதையும் சேர்த்துப் பதிவு செய்து திறந்தாள்.

மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று அவளே எனக்குச் சொன்னாள். அப்படி ஒரு வரியைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துபோய் அப்டேட்டே போடமாட்டார்கள். ஓட்டை அடைபடாமல் கிடக்கும். நாளைக்கு யாருடைய கணக்காவது களவு போனால் அதற்கும் நம்மைத்தான் சொல்வார்கள். அவள் அதையெல்லாம் ஒத்துக்கொண்டாள். பிறகு, "பயப்படட்டும் சார். படிச்சுட்டு பயப்படட்டும், அப்புறம் அழுத்தட்டும். படிக்காம அழுத்தறத நாம சம்மதம்னு எடுத்துக்கறோம்," என்றாளாம். அவர் பேனாவை மூடித் திறந்தபடி இருந்தாராம்.

அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்து நாற்காலிக்குப் போனது. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலப் போய்வந்தாள். வீட்டுக்கு வந்தால் மட்டும், அதிகம் பேசாமல் பாத்திரங்களை எல்லாம் துலக்கி வைத்துவிட்டுப் போவாள். அந்த வருஷம் என் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன.

கடைசியில் பாதி இறங்கிவந்தார்கள். வரி போடலாம், ஆனால் 'சில வசதிகள் மாறக்கூடும்' என்று போடலாம் என்றார்கள். இந்த வாக்கியத்தைப் படித்து ஒருவருக்கும் ஒன்றும் புரியாது என்று அதையும் குறையாகப் பதிவு செய்தாள். அவள் எழுதிக்கொடுத்தது இதுதான்: 'இதை நிறுவிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.' ஒருவழியாக அது திரைக்குப் போனது. கூடவே 'சரி', 'பிறகு' என்ற இரண்டு பட்டன்களையும் ஒரே அளவில் வைத்தார்கள். அதை இவள் கேட்கவே இல்லை. திரையை வடிவமைக்கிற பிரிவில் யாரோ ஒருவர் தானாகச் செய்தது. அது யார் என்று கண்டுபிடித்து, போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த அப்டேட் வந்தபோது டிரைவரின் மகள் எனக்குத்தான் போன் செய்தாள். ஒரு வரி வந்திருக்கிறது, படித்தேன், என்ன அழுத்துவது என்று கேட்டாள். கன்ட்ரோலர் எப்படியும் வேலை செய்யும், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதை அழுத்து என்றேன். யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்று வைத்துவிட்டாள். எதை அழுத்தினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் பலகையில் இல்லாத அந்த வேலையைச் செய்கிறார். ஆனால் ஓசிக் கேமுக்கு வருகிறவர்களை இப்போது வேறு கடையைப் பார்க்கச் சொல்லித் திருப்பிவிடுகிறார். எல்லோரையும் அல்ல, பாதிப்பேரை என்றுதான் நினைக்கிறேன். வாடகை கொடுக்கவேண்டுமே. நாத்தனார் இன்னும் நாள் முழுக்க முட்டி மோதித் தோற்றுச் சம்பளம் வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இருவரும் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதனால் சாப்பாடு முடியத்தான் நேரமாகிறது. வாங்கியவனுக்குத்தான் பெட்டி சொந்தம் என்பார் அவர். பெட்டி சொந்தம், அதற்குள் வந்துபோகிற மற்றவர்களின் பாதுகாப்பு உனக்குச் சொந்தமா என்பாள் அவள். இன்றுவரை யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைத்ததில்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அடுத்தது எப்ப வருது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சரி," என்றார். முகத்தில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டார். பிறகு, திரையில் வரும் அந்த வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். அது எழுத்துருவின் கோளாறு, நான் என்ன செய்ய என்று அவள் கேட்டாள். அப்போ அதையும் ஒரு குறையாகப் பதிவு செய்யவேண்டியதுதானே என்றார் இவர். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.